உடைந்த யவனத் தட்டு

தொரப்பள்ளிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அநேகமாக ஒரே ஒரு வீட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 1878-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த வீடு அது. சின்ன ஓட்டு வீடு. அரசாங்கம் அதை நினைவு இல்லமாக வைத்துக் காத்து வருகிறது. ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவார்கள். லீவு நாட்களில் தொழிற்சாலைக்காரர்கள் குடும்பத்துடன் வருவார்கள். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்ததும், அவர்களில் யாராவது ஒருவர் "இவ்வளவுதானா?" என்று கேட்காமல் போவதில்லை. கவர்னர் ஜெனரலாக இருந்தவர் பிறந்த வீடு என்றால் நாலு தூணாவது இருக்க வேண்டாமா என்பது அவர்கள் குறை. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பல தடவை எனக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் புதுச்சேரி மியூஸியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அதே கேள்வியை நானே கேட்டேன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு கடிதம். அதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்த அந்தப் பெரியவர் அரசியலில் செய்தவை ஒருபுறம் இருக்கட்டும். கிரேக்கத்திலிருந்து ஒருவரையும் ரோமாபுரியிலிருந்து ஒருவரையும் தமிழ் படிக்கிறவர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்தார். 'சோக்ரதர்' என்ற புஸ்தகமும், மார்க்கஸ் ஆரேலியஸ் சக்கரவர்த்தியின் மனப்போக்கைச் சொல்லும் 'ஆத்ம சிந்தனை'யும் பள்ளிக்கூட நாளிலேயே என் கைக்கு வந்துவிட்டன. கிரேக்கர்களையும் ரோமர்களையும் நான் அறிந்தது இப்படித்தான். பேசுகிறவர்களாக, யோசிக்கிறவர்களாக அறிந்தேன். அவர்கள் எதில் சாப்பிட்டார்கள், விளக்குக்கு எந்த எண்ணெய் விட்டார்கள் என்று அந்தப் புஸ்தகங்களில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன். ஆங்கிலச் சரித்திரப் புஸ்தகங்களில் பார்த்த வெள்ளைப் பளிங்குச் சிலைகளை எல்லாம் எடுத்து அவர்களைச் சுற்றி நிறுத்தி வைத்தேன்.

பிற்காலத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்குச் சரித்திரத் தொடர்கதை எழுத நேர்ந்தபோது, அந்தப் பளிங்குகளைக் கப்பலில் ஏற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டேன். யவன மாலுமித் தலைவன் ஒருவன் வருகிறான். துறைமுகத்தில் அவனுக்கு ஒரு மாளிகை. மாளிகை முற்றத்தில் பன்னிரண்டு பளிங்குச் சிலைகள். நிலவில் அந்தச் சிலைகளுக்கு நடுவே கதாநாயகி நடந்து வரும் அத்தியாயத்துக்கு வந்த பாராட்டுக் கடிதங்களை இன்னும் கட்டி வைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, எங்கள் ஊரை ஒட்டிப் போகும் தென்பெண்ணையிலேயே அவன் கப்பலை மேலே மேலே ஏற்றிக் கிருஷ்ணகிரி மலைகள் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினேன். சாத்தனூர்ப் பக்கத்துப் பாறைகளை அந்தக் கப்பல் எப்படித் தாண்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொடர்கதை வாசகர்கள் பெருந்தன்மை உள்ளவர்கள்.

கதை முடிந்து நாளாயிற்று. இப்போது புஸ்தகமாக மறுபடி அச்சிடப் போகிறார்கள் என்று விளம்பரம் வந்ததும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதினார். 'அந்தப் பளிங்குச் சிலைகள் இப்போது எந்த மியூஸியத்தில் இருக்கின்றன? பேரனை அழைத்துப் போய்க் காட்ட ஆசை. தயவு செய்து தெரிவிக்கவும்' என்று நாலே வரி. கேலியாக எழுதியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டிருந்தார். கடிதத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். பிறகு, யவனச் சரக்கு என்று சொல்லக்கூடியது நம் நாட்டில் எங்கேதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் எனப் புறப்பட்டேன்.

துணைக்கு என் அக்கா பையன் வந்தான். ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறான். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை. சரித்திரத்தில் அவனுக்குச் சிரத்தை கிடையாது. புதுச்சேரியில் கடல் பார்க்கலாம் என்றுதான் வந்தான். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். பெண்ணையும் எங்களைப் போலவே கிழக்கேதான் போகிறது. ஆனால் கடலூர்ப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. அரிக்கமேடு இருப்பது அதற்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். என் யவனன் தப்பான ஆற்றில் கப்பல் விட்டான் என்பது பஸ்ஸிலேயே உறுதியாகிவிட்டது.

மியூஸியம் செயின்ட் லூயி தெருவில், பாரதி பூங்காவை ஒட்டி இருக்கிறது. பழைய பிரெஞ்சுக்காரர் சாமான்களைப் பார்த்துக்கொண்டே போனால் அரிக்கமேட்டுப் பகுதி வருகிறது. மண்ணாலான நீளக் கழுத்தும் கைப்பிடியுமாக ஜாடித் துண்டுகள். கலர் கலராகப் பாசிமணிகள். கறுப்பும் சாம்பலுமாக ஓடுகள். சிவப்பாக, விரல் நீளத்துக்குச் சில துண்டுகள். பளிங்கு இல்லை. சிலை இல்லை. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இந்தக் கரைக்கு வந்து மிஞ்சியது இதுதான். "இவ்வளவுதானா?" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

பையன் சிவப்புத் துண்டுகளின் மேல் குனிந்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இது ஆள் உட்காந்து ஒண்ணொண்ணா ஆசையா செஞ்சது இல்லே. லாட்டா போட்டது. எட்ஜ் பாருங்க, எல்லாம் ஒரே திக்னஸ்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. படித்துவிட்டு வந்தவன் நான், பார்த்தவன் அவன். அந்தச் சிவப்பு மட்பாண்டத்துக்கு அரெட்டைன் என்று பெயர். இத்தாலியில் அரெட்டியம், இப்போது அரெஸ்ஸோ என்கிறார்களே, அந்த ஊரின் பெயரால் வந்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தில் அங்கே பெரிய பெரிய பட்டறைகளில் அடிமைகளை வைத்து ஆயிரக்கணக்கில் செய்து சாம்ராஜ்யம் முழுவதற்கும் அனுப்பினார்கள். வேலைப்பாடு உள்ளவற்றை அச்சில் எடுத்தார்கள். பட்டறைக்காரனின் பெயரை முத்திரையாகக் குத்தினார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த துண்டுகளில் விபீ, காமுரி, இட்டா என்று மூன்று பெயர்களைப் படித்திருக்கிறார்கள். இதை அவனிடம் சொன்னேன்.

"அப்போ மேக்கர் பேர். நாங்களும் குத்தறோம். ரிஜெக்ட் ஆனா எந்த ஷாப்புன்னு தெரியணுமில்லே?" என்றான்.

கலை என்று தேடிப் போன எனக்குத் தொழிற்சாலைச் சரக்கு கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தவனுக்கு அதில் பார்க்க விஷயம் இருந்தது. அவன் கையில் கட்டியிருந்த கடிகாரம் டைட்டன். ஓசூரில் செய்தது. டாட்டாவையும் தமிழ்நாட்டையும் சேர்த்து எழுத்துக் கூட்டி வைத்த பெயர் என்று சொல்வார்கள். ஆனாலும் கிரேக்கப் புராணத்தில் தேவர்களுக்கு முந்திய ராட்சதர்களின் பெயரும் அதுதான். எங்கள் தாலூகாவில் பாதிப் பேர் மணிக்கட்டில் யவனப் பெயர் இருக்கிறது. அதை வைத்து ஒருவரும் எங்களை யவனர் என்று சொல்லிவிடவில்லை.

இந்தச் சிவப்புத் துண்டுகளின் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். என் தொடர்கதையை விட அது சுவாரஸ்யமானது. 1944-இல் தொல்பொருள் இலாகாவுக்கு டைரக்டர் ஜெனரலாக வந்தவர் மார்ட்டிமர் வீலர். பட்டாளத்திலிருந்து நேராக வந்தவர். பேச்சும் பட்டாளத்துப் பேச்சுதான். சென்னை மியூஸியத்துக்குப் போனவர் அங்கே ஓர் அலமாரியில் நீளக் கழுத்து ஜாடித் துண்டு ஒன்றைப் பார்த்தார். மத்தியதரைக் கடலோரத்தில் மது ஊற்றி வைக்கும் அம்போரா ஜாடி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் புதுச்சேரி என்றார்கள். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம். உடனே அங்கே போனார். நூல்நிலையத்துக் கண்ணாடி அலமாரியில் தூசிக்கு நடுவே அம்போராத் துண்டுகள், ரோமானிய விளக்கு ஒன்றின் பகுதி, இந்தச் சிவப்புத் தட்டுத் துண்டுகள் எல்லாம் கிடந்தன. 1945-இல் கோடை வெயிலில் ஆட்களைத் திரட்டித் தோண்டினார்.

அவருக்கு முன்னாலேயே பார்த்தவர்கள் உண்டு. நியாயம் சொல்ல வேண்டும் அல்லவா? லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி, சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தவர், இந்த இடத்துப் பழைய சின்னங்களைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். 1769-இல் அந்த நாள் வந்தபோது மேகம் வந்து மறைத்துவிட்டது. அவர் பார்க்க வந்ததைப் பார்க்கவே இல்லை. பிறகு 1937-இல் ஜுவோ-துப்ரேய் என்ற பேராசிரியர், ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் வாங்கிச் சேர்த்தார். அவற்றில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த தலை அகஸ்டஸ் சக்கரவர்த்தியினுடையது என்று அவர் நினைத்தார். சக்கரவர்த்தி கிடைத்தது பிள்ளைகளின் நிஜார்ப் பையிலிருந்து.

வீலருக்கு அந்தச் சிவப்புத் தட்டு ஏன் அவ்வளவு முக்கியம்? அழகுக்காக அல்ல. இத்தாலியில் அந்தத் தட்டு எந்த வருஷங்களில் செய்யப்பட்டது என்று ஏற்கெனவே தெரியும். ஆகையால் அது எந்த மண் அடுக்கில் கிடக்கிறதோ அந்த அடுக்குக்குக் காலம் சொல்லிவிடலாம். கூடக் கிடக்கும் நம் ஊர்ப் பானைக்கும் காலம் சொல்லிவிடலாம். தென்னிந்தியாவில் அதுவரை அப்படி ஒரு கணக்கு இல்லை. அந்தத் தட்டு ஒரு கடிகாரமாயிற்று. பெரிய உபகாரம்தான். ஆனால் கடிகாரம் ரோமாபுரியிலிருந்து வந்ததால், நம்முடைய நேரமே ரோமாபுரிக்காரன் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. சும்மா கிடந்த மீனவர் கிராமம், யவனன் வந்தான், பட்டணம் ஆயிற்று என்கிற கதை. நான் என் தொடரில் எழுதியதும் ஏறக்குறைய இதேதான். பின்னால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையார் மறுபடி தோண்டியபோது, அந்தத் தட்டுகள் வருவதற்கு முன்பே, கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே அங்கே ஊர் நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே மயிலாடும்பாறையில் எடுத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்திருக்கிறார்கள். அரெட்டியத்தின் சூளைகள் மூட்டப்படுவதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால்!

இதைச் சொல்லும்போது மீசையை முறுக்கிக்கொள்ளத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ரோமாபுரிக்காரன் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நாமும் ஒரு பெரிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஆட்டிக் காட்டுவது அதே வியாதியின் இன்னொரு பக்கம் என்பது என் அபிப்பிராயம். பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு வருஷத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

அந்தச் சாம்பல் நிறத் தட்டுகளைத்தான் நான் முதலில் சரியாகப் பார்க்கவில்லை. பையன்தான் கூப்பிட்டுக் காட்டினான். அகலமான தட்டு; விளிம்பு உள்பக்கமாக மடிந்து பறவை அலகு மாதிரி இருக்கும். உள்ளே அடித்தளத்தில் வட்டம் வட்டமாகச் சிறு கோடுகள், ஒரே தாளத்தில், வட்டத்துக்குள் வட்டம்.

"சாட்டர் மார்க், மாமா" என்றான்.

லேத்தில் கடையும்போது வெட்டும் முனை இறுக்கமாக நிற்காமல் நடுங்கினால் உலோகத்தில் இப்படிப் பொடிப்பொடியாகக் கோடு விழுமாம். அவர்கள் பட்டறையில் அப்படி விழுந்தால் ரிஜெக்ட். "இங்கே வேணும்னே நடுங்க விட்டிருக்கான். அதுவும் எல்லாக் கோடும் சமமா. இது கஷ்டம்" என்றான். அறிஞர்களுக்குள்ளும் இந்தப் பேச்சு இருக்கிறது: பல் வைத்த சிறு சக்கரத்தை உருட்டி விழுந்த கோடா, திரிகை சுழலும்போது மெல்லிய தகட்டின் முனையைத் துடிக்க விட்டு விழுந்த கோடா என்று. அவன் அந்தச் சர்ச்சைகளைப் படித்தவன் அல்ல.

இந்தத் தட்டையும் வீலர் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்றே எழுதினார். அவரை நம்பி நானும் என் யவனனின் மேஜையில் இதைத்தான் வைத்தேன்; 'ரோமாபுரித் தட்டு' என்று பெயரே எழுதியிருக்கிறேன். பிற்காலத்தில் களிமண்ணைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்து பார்த்ததில் அது இந்தியாவிலேயே செய்தது என்று ஆகிவிட்டது. யவனன் மேஜையில் நான் வைத்த ஒரே நிஜமான சாமான் யவனனுடையது அல்ல!

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மனதில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். இது ஒரு விமர்சகனின் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரெட்டைன் தட்டு குறைவானது அல்ல. அந்தச் சிவப்பும் மெருகும் இத்தனை நூற்றாண்டு ஈர மண்ணில் கிடந்தும் போகவில்லை. விளிம்பு மெல்லியது, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளித் தட்டு வாங்க முடியாதவனுக்கு அதன் வாட்டத்தை மண்ணில் செய்து கொடுத்த சரக்கு. அந்தப் பணிவு அதில் தெரிகிறது. ஆனால் சாம்பல் தட்டு என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. அதன் அலங்காரம் முழுவதும் உள்ளே அடியில். சோறோ எதுவோ போட்டுவிட்டால் மறைந்துவிடும். சாப்பிட்டு முடிக்கிறவன் கண்ணுக்குத்தான் ஒவ்வொரு வட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். இப்படி யோசித்து ஒரு பாத்திரம் செய்தவன் சாப்பிடுகிறவனை நன்றாக அறிந்தவன். மியூஸியத்தில் அது காலியாக, எல்லா வட்டமும் ஒரே சமயத்தில் தெரியும்படி இருக்கிறது; அதனால்தான் நான் முதலில் தாண்டிப் போய்விட்டேன் போலும்.

மறுநாள் காலை அரிக்கமேட்டுக்கே போனோம். ஊருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் இருக்கும். தோப்பு, ஆறு, காக்காய் சத்தம். கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்ளுஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் பொதுகே என்று வரும் துறைமுகம் இதுதான் என்கிறார்கள். தோப்புக்குள் நடந்துகொண்டே போனவன் சட்டென்று நின்றேன். செங்கல்லில் உயரமான சுவர், வளைவு வளைவாக வாசல்கள்! மார்பு படபடத்தது. ரோமாபுரி வளைவு! ஆசிரியருக்குக் கடிதம் எழுத விஷயம் கிடைத்துவிட்டது என்று கிட்டே ஓடினேன். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மடம். இதைப் பார்த்துவிட்டு ரோமர் கட்டடம் என்று நம்பித் திரும்புகிறவர்கள் நிறைய உண்டாம். நிஜமான பழைய ஊர் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் செங்கல்லையும் ஊரார் பல தலைமுறையாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று வீலரே எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தப்பான காலம்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து இட்டிலிப் பொட்டலத்தைப் பிரித்தபோது பையன் கேட்டான். "சரி மாமா, வெளிநாட்டுத் தட்டு கிடைச்சா வெளிநாட்டான் இங்கே குடியிருந்தான்னு எப்படிச் சொல்றாங்க? எங்க பட்டறையிலே ஒரு ஜெர்மன் மெஷின் இருக்கு. நேம் பிளேட் அப்படியே இருக்கு. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு ஓசூரைத் தோண்டினா, இங்கே ஜெர்மன்காரன் ஆண்டான்னு எழுதுவாங்களா?"

ஜெர்மன் நேம் பிளேட் ஒன்றே அல்ல. இந்தியில் எழுத்துப் போட்ட புகையிலைக் காகிதம் கிடைக்கும், கன்னட எழுத்துப் போட்ட பால் பாக்கெட் கிடைக்கும், தெலுங்குக் கல்யாணப் பத்திரிகை கிடைக்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்றால் நாலு பாஷை காதில் விழுகிறது. அத்தனையும் வைத்து ஓசூரைப் பற்றி ஒருவன் நிஜத்தை எழுத வேண்டுமானால் அவனுக்கு நிரம்பப் பொறுமை வேண்டும். அரிக்கமேட்டிலும் இத்தாலியச் சிவப்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மணி கோத்தவர்கள் கைவிட்ட உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. மணி செய்யும் பட்டறைகள் நூற்றாண்டுகளாக அங்கே நடந்திருக்கின்றன. அம்போராவில் வந்தது கோஸ் தீவிலும் இத்தாலியிலும் எடுத்த திராட்சை மது, ஒலிவ எண்ணெய், கரூம் என்று அவர்கள் சொல்லும் மீன் ஊறல். மீனை உப்புப் போட்டு வெயிலில் ஊற வைத்து எடுக்கும் ரஸம் அது. வீராம்பட்டினத்துப் பெண்கள் அந்த ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பார்கள்? இந்த ஒரு காட்சி என் ஐம்பத்திரண்டு வாரத் தொடரில் எங்கும் இல்லை. பளிங்கு வைத்ததில் இடம் போதவில்லை.

பழைய புலவர்கள் என்னைப் போல் தடுமாறவில்லை. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை ஒன்று வருகிறது. சிலை என்று சொல்லத்தக்க மத்தியதரைக் கடல் வேலைப்பாட்டைத் தமிழில் பார்த்துச் சொன்ன இடம் அது. ஆனால் நக்கீரர் அதன் முகத்தை வர்ணித்துக்கொண்டு நிற்கவில்லை. அதன் கையில் அகல் இருக்கிறது, அகலில் நெய் நிறைய ஊற்றியிருக்கிறார்கள், விளக்கு எரிகிறது, அரண்மனையில் கணவனைப் பிரிந்தவள் தூங்காமல் இருக்கிறாள். வேற்று நாட்டுச் சிற்பம் வெளிச்சம் கொடுக்கிற வேலையைப் பார்க்கிறது. அந்த வெளிச்சத்தில் அவருக்கு வேண்டியது அவள். புதுச்சேரி அலமாரியில் வீலர் கண்ட அந்த விளக்குத் துண்டு பாவை விளக்கு அல்ல. ஆனாலும் என் எண்ணம் நேரே அங்கேதான் போயிற்று.

காசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை எழும்பூர் மியூஸியத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர் தமிழாக்கிய ஆரேலியஸின் முகத்தைத்தான் தேடினேன். என்னைப் பார்த்து முறைத்தது டைபீரியஸ். நம் நாட்டில் கிடைத்தவற்றில் அதிகம் அகஸ்டஸும் டைபீரியஸும்தான். கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன; வெள்ளலூரில் 1842-இல் வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். இந்தியாவுக்கு வருஷா வருஷம் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று பிளினி புலம்பி எழுதியதும் இந்தக் காலத்தில்தான். புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. மறுபடி காசாகப் புழங்கக் கூடாது என்பதற்காக வெட்டினார்கள் என்கிறார்கள்; தங்கம்தானா என்று சோதித்தார்கள் என்றும் சொல்கிறார்கள். ரோமாபுரிக் கலையைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட முதல் விமர்சனம் அந்த உளி வெட்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுருக்கமான விமர்சனம். முகம் யாருடையது என்று வெட்டினவன் கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. பிளினி உயிர் விட்ட அதே 79-ஆம் வருஷத்து வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரில், 1938-இல் ஒரு வீட்டைத் தோண்டும்போது நம் நாட்டுத் தந்தப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இரண்டு பக்கமும் சிறு தோழிகள். இப்போது நேப்பிள்ஸ் மியூஸியத்தில் இருக்கிறது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். லக்ஷ்மி என்று பெயர் வைத்தார்கள். யக்ஷியாக இருக்கலாம் என்று பிற்பாடு சொன்னார்கள். தலை உச்சியில் துளை இருப்பதால் கண்ணாடிக்குக் கைப்பிடியாகவோ சின்ன மேஜைக்குக் காலாகவோ இருந்திருக்கும். அங்கே போய்ப் பார்க்கிற இத்தாலியப் பையன் ஒருவன், இந்தியாவிலிருந்து வந்தது ஒரு மேஜைக் கால்தானா என்று கேட்டிருப்பான். நம் தேசத்து நாவலாசிரியனைப் போலவே அந்தத் தேசத்திலும் ஒருவன் பாம்பேய் வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு தந்தச் சிலைகளை நிறுத்தி எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஊருக்குத் திரும்பிய அன்றே ஆசிரியருக்குக் கார்டு எழுதினேன். 'பளிங்குச் சிலை எந்த மியூஸியத்திலும் இல்லை, நான் கட்டியது. மன்னிக்கவும். புதுச்சேரி மியூஸியத்தில் சிவப்புத் தட்டுத் துண்டும் சாம்பல் தட்டுத் துண்டும் இருக்கின்றன. பேரனை அழைத்துப் போங்கள். சாம்பல் தட்டின் உள்பக்கத்தைக் காட்டுங்கள். அரிக்கமேட்டில் வளைவு வாசலைப் பார்த்து நான் ஏமாந்ததைப் போல் ஏமாற வேண்டாம்' என்று எழுதி, இடம் போதாமல் விலாசப் பக்கத்திலும் இரண்டு வரி எழுதினேன்.

பிறகு புரூபை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிலவு அத்தியாயம் முழுவதையும் அடித்தேன். கப்பலைப் பெண்ணையிலிருந்து இறக்கி அரியாங்குப்பம் ஆற்றில் விட்டேன். யவனன் தட்டு உடைகிறது. அதில் ஒரு துண்டை மணி கோக்கிற பெண் ஒருத்தி உப்பு வைத்துக்கொள்ள எடுத்துப் போகிறாள் என்று அரைப் பக்கம் புதிதாக எழுதிச் சேர்த்தேன். பதினாலு பக்கம் குறைகிறதே, விலையையும் குறைக்கச் சொல்வார்களே என்று பதிப்பாளர் நேற்று இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.